மிளகு தவறவில்லை

மேடையில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் அவர்களே, அழைப்பை மதித்து வந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகி அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கையே, தோழர்களே, வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இறந்தவரைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்றார்கள். முதல் இரண்டுக்கும் சம்மதித்தேன்.

கன்னிவெடி எடுக்கும் படையில் பத்தொன்பது ஆண்டு இருந்தவர் நம் மீசைக்காரர். கை கால் குறையாமல் திரும்பினார். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் உடம்பு உதறும். ஆறு ஆண்டு முடிதிருத்தகத்துக்குப் போகவில்லை. பின்னால் கத்தரிக்கோலோடு ஒருவர் நிற்பதை அவரால் தாங்க முடியாது. இதற்கு மருத்துவர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கை சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அவர் இன்னும் வீடு வந்து சேரல."

நான் படையின் நாய்ப்பிரிவில் இருந்தவன். புத்தகம் படித்துக் கற்றவன் அல்லன். மிளகு என்ற கறுப்பு நாயைப் பழக்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் வரிசையில் நின்றால், அது அவர் காலோடு ஒட்டிப் பின்பக்கம் பார்த்து நிற்கும். விரல் நடுங்கினால் உள்ளங்கைக்குள் மூக்கை நுழைக்கும். மூச்சு முட்டினால் வெளியே இழுத்துப் போகும். நான்காம் மாதம் முடிதிருத்தகத்துக்கே போய்விட்டார்!

"யாருக்கு முதல்ல வெட்டணும்?" என்றாராம் கடைக்காரர்.

"அவனுக்கு வெட்டுங்க. நல்லா இருந்தா நானும் உட்காருறேன்."

அந்த மனிதர் ஏன் இறந்தார்? சென்ற மாதம் காது பரிசோதனைக்குப் போனார். மருத்துவமனை வாசலில் காவலாளி மறித்தார். மீசைக்காரர் நாய்க்கான அனுமதி அட்டையைக் காட்டினார்.

"அட்டை இருக்கட்டும் பெரியவரே. அதுக்கும் காது கேக்கலையா?"

காவலாளி சிரித்துவிட்டு நாயைப் பார்த்து, "உக்காரு!" என்று அதட்டினார். மிளகு உட்கார்ந்தது. மீசைக்காரர் கூப்பிட்டார். அது சீருடையைப் பார்த்தது, எழவில்லை. உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தனியே போனார். யாரோ ஆக்சிஜன் சிலிண்டரைக் கீழே போட்ட சத்தத்தில், பின்வாசல் வழியாகச் சாலைக்கு ஓடினார். லாரி ஓட்டியவர்மேல் தப்பில்லை. தங்கை போய்ச் சேர்ந்தபோதும் மிளகு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நிர்வாகி அவர்களே, உங்கள் வாசல் அவரைக் கொன்றது. அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் பாதிப் பழிதான் உங்களுக்கு. சீருடை சொன்னால் மீறக்கூடாது என்று மிளகுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார்? நான்! படை நாய்களைப் பழக்கிய அதே முறையில் இதையும் பழக்கினேன். இறப்பதற்கு முன்பே ஒருநாள் அவரே என்னிடம் வந்து சொன்னார்.

"அண்ணே, இது என்னை விட்டுட்டு சட்டையப் பாக்குது."

"முப்பது வருஷமா நாய் பழக்குறவனுக்கு நீ சொல்லித்தர்றியா? போடா வேலையப் பாத்துக்கிட்டு!"

அப்படித்தான் அனுப்பினேன்.

தலைவர் அவர்களே, நாய் தவறிவிட்டது, நான் பழக்கிக் கொடுத்த மற்ற பதினொரு நாய்களையும் திரும்பப் பெறலாம் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நாய்களை வைத்திருக்கும் பதினொரு பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் படியுங்கள் பார்ப்போம்! நாய் தவறவில்லை. சொல்லிக்கொடுத்தவன் தவறினான்.

தங்கையே, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

மீசைக்காரர் பெயரால் சொல்கிறேன். நாளை முதல் காவலாளிச் சட்டையை நானே போட்டுக்கொண்டு நிற்பேன். பதினொரு நாய்களையும் தொண்டை கிழிய அதட்டுவேன். ஒவ்வொன்றும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் ஆளோடு உள்ளே போகும்வரை, அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன்.