கம்ப்யூட்டருக்குள் ஒரு காவல்காரன்

— சத்தியமா நான் எதையும் தொடலை கண்ணு. அதுவா வந்து உக்காந்துக்கிச்சு.

— அதுவா வருமாப்பா? நீங்க படிக்காம "சரி, சரி"ன்னு அமுக்கினாத்தான் வரும். இது என்ன, கிளியா?

— வானிலை சொல்ற கிளி. இலவசம். மழை வந்தா குடை பிடிக்கும், பாரேன்.

— ஜன்னலைத் திறந்தா மழை தெரியப் போகுது. இந்தக் கிளி நீங்க எதைத் தேடறீங்க, எங்க போறீங்கன்னு எவனுக்கோ ஒப்பிச்சுக்கிட்டு இருக்கு. ஊருக்கெல்லாம் பூட்டு விக்கற மனுஷன், சொந்தக் கதவை இப்படியா மலரத் திறந்து வைப்பீங்க?

— என் கதையில ஒப்பிக்க என்ன இருக்கு? முட்டி வலிக்குத் தைலம் தேடினேன்.

— அதான் எந்தப் பக்கம் போனாலும் தைலமா வழியுது. சரி, "உங்கள் கணினியில் நூறு வைரஸ்"னு ஒண்ணு கத்துதே, அதை யாரு கூட்டிட்டு வந்தது?

— அதாவது... நூறுன்னான். பயந்துட்டேன். சுத்தம் பண்ணித் தரேன்னான், பண்ணுன்னேன்.

— திருடனே வந்து, "ஐயா, உங்க வீட்ல திருடன் புகுந்துட்டான், சாவியைக் கொடுங்க"ன்னிருக்கான். நீங்களும் கொத்தோட கொடுத்துட்டீங்க. பேஷ்!

— சிரிடி, நல்லா சிரி. கல்யாணத்துக்கு முன்னாடி இவ்வளவு வாய் இல்லை உனக்கு.

— அங்க திறக்க முடியாத வாயை இங்கதானே திறக்கணும்? தள்ளி உக்காருங்க. திங்கட்கிழமை வேலையில சேரணும். ஆர்டரை மெயில்ல அனுப்பறேன்னாங்க, காணோம். பெட்டியானா நத்தையாட்டம் ஊருது.

— இந்தத் தடவையாவது அமையணும் தாயி. ரெண்டு வாட்டி கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை. உனக்கு நேரம் சரியில்லை.

— நேரத்தை விடுங்க. என் ஃபோனைத் தினமும் வாங்கிப் பாக்கறார்னுதானே உங்க வீட்ல வந்து திருட்டுத்தனமா டைப் பண்றேன்? சேர்ற வரைக்கும் உங்க மாப்பிள்ளை காதுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்... அப்பா, இது என்ன?

— எது?

— பேரே இல்லாம ஒண்ணு ஓடுது. கிளியாவது மூஞ்சியைக் காட்டுச்சு, இது பதுங்கிக்கிட்டு இருக்கு. நாம தட்டற ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்வேர்டைக் கூட விடாம, பிடிச்சு வச்சு வெளிய அனுப்புது.

— ஓ, அதுவா! அது நல்லது கண்ணு. அதை மட்டும் எடுத்துடாதே.

— எது நல்லது?

— அது காவலுக்குப் போட்டது. போன வருஷம் உன்னைக் கொண்டுவந்து விட்டப்போ மாப்பிள்ளைதான் போட்டுக் கொடுத்தார். "மாமா, இது இருந்தா வைரஸ் அண்டாது, யாரையும் தொட விடாதீங்க"ன்னார். தங்கமான மனுஷன், தண்ணி கூடக் குடிக்காம உக்காந்து போட்டார்... ஏன் கண்ணு, முகம் இப்படி ஆயிடுச்சு?

— உங்க ஃபோனைக் கொடுங்க.

— இந்தா. என்னத்தைத் தேடறே?

— என் மெயிலை. அனுப்பினதுல ஒண்ணும் இல்லை... இதோ, குப்பையில கிடக்கு. படிங்க.

— "குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் பணியில் சேர இயலவில்லை. மன்னிக்கவும்." அடிப்பாவி, நீயே வேண்டாம்னு எழுதிட்டியா?

— நேத்து மத்தியானம் போயிருக்கு. அப்போ நாம ரெண்டு பேரும் கண் டாக்டர்கிட்ட உக்காந்திருந்தோம்.

— அப்போ எழுதினது யாரு?

— நேரம் சரியில்லைன்னீங்களே, அந்த நேரம்தான் உக்காந்து எழுதியிருக்கு.

— ஐயையோ! அப்போ முந்தின ரெண்டும்?

— அதுவும் இந்த வழியாத்தான் போயிருக்கும். என்ன பணிவு பாருங்க! வீட்ல ஒரு நாள் என்கிட்ட "மன்னிச்சுக்கோ"ன்னு சொன்னதில்லை. என் பேர்ல எவ்வளவு அழகா மன்னிப்புக் கேக்கறார்!

— பாவி நான், அவருக்கு நாற்காலியை நானே இழுத்துப் போட்டேனே!

— அழாதீங்கப்பா. எனக்கே நெஞ்சு எரியுது, நீங்க வேற. இருங்க, ஆபீசுக்குப் பேசறேன்... மேடம், வணக்கம். நேத்து வந்த மெயில் நான் எழுதினதில்லை... ஆமாம் மேடம், பாஸ்வேர்டை ஒருத்தர் திருடிட்டார்... தெரிஞ்சவர்தான்... திங்கட்கிழமை காலையில அங்க இருப்பேன். ரொம்ப நன்றி மேடம்.

— என்ன சொன்னாங்க?

— வரச் சொல்லிட்டாங்க. அப்பாடா! பாஸ்வேர்டையும் உங்க ஃபோன்லயே மாத்திடறேன்.

— நல்லா இருப்பே தாயி. மொதல்ல அந்தச் சனியனைப் பிடுங்கி எறி.

— கிளியை விரட்டியாச்சு. நூறு வைரஸ்காரனையும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியாச்சு. இது மட்டும் இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்.

— பைத்தியமா உனக்கு? நீ எழுதறதெல்லாம் அவர் படிப்பாரே!

— படிக்கட்டும்ப்பா. வக்கீலுக்கு விவரமா எழுத உக்காந்திருக்கேன், அவருக்குன்னு தனியா ஒரு நோட்டீஸ் எதுக்கு?