சாம்பல் கதவின் கீழ்விளிம்பு

பெயர்: எல்ஃப்ரிடா குபிக்கா. வயது: 44. கணவர்: காலஞ்சென்ற பாவெல் குபிக்கா, சுரங்கத் தொழிலாளி. வேலை: சுரங்க விளக்கு அறையில் விளக்கு கொடுத்து வாங்குவது. முகவரி: கோலிபா தெரு 7, இரண்டாம் மாடி, பிட்டோம், சைலீசியா. நாள்: 24 பிப்ரவரி 1988.

நான் மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். எனக்குக் கீழ்வீட்டில் எர்னெஸ்ட் ஸ்பிரா, வயது 51, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, மனைவி மார்த்தாவுடன் வசிக்கிறார். எங்கள் இரு வீட்டு நிலக்கரியும் நிலவறையில் அடுத்தடுத்து கிடக்கிறது, நடுவே பலகைத் தடுப்பு மட்டும்தான். ஈஸ்டர் வரை வர வேண்டிய என் நிலக்கரி ஜனவரி முடிவதற்குள் பாதிக்குக் கீழே போய்விட்டதால், இம்மாதம் 3ஆம் தேதி, ஸ்பிரா தடுப்பு வழியாகத் திருடுகிறார் என்று இதே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அத்தோடு நிற்காமல் விளக்கு அறை ஜன்னலில் இரண்டு பேரிடம் சொன்னேன். விளக்கு அறையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன்.

ஸ்பிரா பந்தயப் புறா வளர்ப்பவர். அதன் பிறகு 8ஆம் தேதி புறாப் பந்தய சங்கத்தார் அவர் வீட்டுக்கு வந்து, புறாக்கள் திரும்பி வரும் நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்தின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சாவி பதினோரு வருடம் அவரிடம் இருந்தது. திருட்டுப் பெயர் உள்ளவன் கையில் சாவி இருந்தால் எந்தப் புறா எப்போது வந்தது என்பதை யார் நம்புவார்கள் என்று படியில் நின்று சொன்னார்கள். எனக்கு அது மேலே கேட்டது.

9ஆம் தேதி, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, எங்கள் பக்க வழக்கப்படி குவியல் முழுவதும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தேன். யார் தொட்டாலும் வெள்ளை கலைந்து கறுப்பு தெரியும். நான் எடுக்கும் மூலையில் மட்டும் ஒவ்வொரு முறையும் மறுபடி தெளித்தேன். ஆறு நாள் பார்த்தேன். வெள்ளை ஓரிடத்திலும் கலையவில்லை, ஆனால் குவியல் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்: முன்பு நாளைக்கு இரண்டு வாளி, இப்போது நான்கு. எடுத்தது நானேதான். அப்படியானால் மேலே கொண்டுபோனது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

15ஆம் தேதி காலை அடுப்பை மூட்டி, அடியில் உள்ள சாம்பல் கதவைச் சாத்தி, அதில் காற்று விடும் திருகை முழுவதும் இறுக்கினேன். காற்றை அடைத்தால் நெருப்பு சோர வேண்டும். அதுவோ முன்னைவிட உறுமியது. அதன் பிறகு, வீட்டில் வேறு இல்லாததால், 2ஆம் தேதி கோயிலில் ஆசீர்வதித்து வாங்கிய மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அது இடி மின்னலுக்கும் சாவுக்கும் மட்டும் ஏற்றுவது, அதற்குத் தனியாகப் பாவமன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். காற்று எங்கே உள்ளே இழுக்கிறது என்று பார்க்க, சுடரை அடுப்பின் இணைப்புகள் வழியே மெதுவாகக் கொண்டுபோனேன். அடுப்புத் தட்டின் ஓரத்தில் அசையவில்லை. கதவுச் சட்டமும் அடுப்பின் பீங்கான் ஓடுகளும் சேரும் இடத்தில் லேசாக உள்ளே சாய்ந்தது. சாம்பல் கதவின் கீழ்விளிம்பில் படுத்தே விட்டது.

அந்நேரம் ஸ்பிரா பரணில் உள்ள தன் புறாக்களுக்குத் தீனி வைக்க என் வாசல் வழியாக ஏறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஃப்ரிடா, திருடனை மெழுகுவர்த்தி வெச்சுத் தேடுறியா?" என்றார்.

"ஆமா அண்ணே. உள்ள வந்து பாருங்க."

"நான் வரல தாயே. வந்தா அப்புறம் அடுப்பைக் காணோம்னு எழுதிக் குடுப்ப."

எனக்கு வெட்கமாக இருந்தது. பின்பு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். மேலே கதவு இறுக்கிப் பிடித்ததால் கிழிந்தது, கீழே இடைவெளி இருந்ததால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. தினமும் காலை வேலைக்கு ஓடும் அவசரத்தில், நெருப்பு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று, சாம்பல் கதவில் ஒரு கரித்துண்டை முட்டுக் கொடுத்துத் திறந்து போட்டது நான். சூட்டில் கதவு வளைந்துவிட்டது, காற்று புகாமல் அடைக்கும் ஓரத்துக் கயிறும் கருகி உதிர்ந்திருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

17ஆம் தேதி அடுப்பை ஆறவிட்டு, கதவைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி, பழைய கயிற்றைச் சுரண்டி, தீ தாங்கும் புதுக் கயிறு பதித்தேன். சட்டத்து விரிசலை நனைத்து அடுப்பு மண் அப்பினேன். மண் காய இரண்டு நாள் நெருப்பில்லாமல் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்தேன். இரண்டு நாளும் மதியம் மார்த்தா ஸ்பிரா என் வாசலில் சூடான சூப் வைத்துவிட்டுப் போனாள், கதவைத் தட்டவில்லை.

20ஆம் தேதி முதல் இரண்டு வாளிதான் செலவாகிறது. திருகை மூடினால் நெருப்பு சொன்னபடி கேட்கிறது. 22ஆம் தேதி கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பிரா கோபப்படவில்லை.

"வாயால கேட்டா எனக்குப் போதும், சங்கத்துக்குப் போதாது. எழுதிக் குடுத்தது நீ, எழுதித்தான் எடுக்கணும்" என்றார்.

ஆகையால் என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். எர்னெஸ்ட் ஸ்பிரா என் நிலக்கரியில் ஒரு துண்டும் எடுக்கவில்லை. தவறான புகாருக்கு என்ன உண்டோ அதை ஏற்கிறேன்.

யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னது இது. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்திலும், திங்கள் காலை ஆட்கள் சுரங்கத்தில் இறங்கும் முன் விளக்கு அறை ஜன்னலிலும் நானே சத்தமாக வாசிக்க எனக்கு ஒரு நகல் தர வேண்டும்.

(ஒப்பம்) எல்ஃப்ரிடா குபிக்கா