ஒரு சொட்டு ஒழுகாத கிளவுஸ்

...சபரீசா, யாழினி, உங்க கல்யாணப் பந்தி காத்திருக்குன்னு எனக்கும் தெரியும். வெளிய ஜிலேபி வாசம் வருது, மூக்கு எனக்கும் இருக்கு! அதுக்கு முன்னாடி ஒரே ஒரு குட்டிக் கதை. கேட்டுட்டு ஓடிப்போய் இடம் பிடிங்க.

கோயமுத்தூர்ல ஒருத்தர். மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வெச்சிருக்கார். பேரு... நிஜப் பேரைச் சொன்னா எனக்குச் சாப்பாடு கிடைக்காது. திருமூர்த்தின்னு வெச்சுக்குவோம். சம்சாரம் பூங்கொடி. தங்கமான ஜோடி! ஆனா நம்ம திருமூர்த்தி ஒரு நாள், மச்சான் விருந்துக்கு வந்திருக்கிறப்ப, இலையில உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை விட்டார்.

"மச்சான், உங்க தங்கச்சி ரசத்தை ஒரு சொம்பு ஊத்துனா போதும்... பைப்பு அடைப்பையே எடுத்துரும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரைத் தவிர. யாரு? ஆங்... கரெக்டு! மறுநாள் காலையில பூங்கொடி பையைத் தூக்கிட்டாங்க, கோத்தகிரி அம்மா வீட்டுக்கு. வாசல்ல நின்னு சொன்னாங்க:

"ஏனுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி கொட்டுற மழையில பைக்குல மலையேறி என்னைப் பாக்க வந்தாரே ஒருத்தர்... அந்த ஆளு வந்து கூப்பிட்டா வர்றேன். இந்த ஆளு கூப்பிட்டா வரமாட்டேன்!"

போயாச்சு. இவர் என்ன நினைச்சார்? 'அவளே வரட்டும்.' அவங்க? 'அவரே வரட்டும்.' போன் உண்டா? இல்ல. மெசேஜ் உண்டா? இல்ல. கார்த்திகை போச்சு, மார்கழியும் பொறந்தாச்சு. மனுசன் ஓட்டல் ரசம் குடிச்சுக் குடிச்சு, வீட்டு ரசத்தை நினைச்சு அழாத குறை! இனியும் விட்டா அவ வரவே மாட்டாளோன்னு பயம் வந்துருச்சு. சரி, பைக்குலயே போறதுன்னு முடிவு பண்ணிட்டார்.

ஆனா மார்கழிக் குளிரு! மழை வேற! கிளவுஸ் வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் விலை கூடுனதை எடுத்தார். இவர் விலை குறைஞ்சதைப் பிடிச்சுக்கிட்டார்.

"இதுல தண்ணி போகாதுங்களா?"

"சுத்தமா போகாதுங்க. வாட்டர்ப்ரூஃப்."

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

கடைக்காரர், பாவம், குடிக்கக் கேக்கறார்னு நினைச்சுக் குடுத்தார். இவரு கிளவுஸ் வாயைப் பிரிச்சு... மடமடன்னு உள்ள ஊத்திட்டார்! பம்புக்காரர் இல்லீங்களா? எதுவா இருந்தாலும் தண்ணிய உள்ள ஊத்தி, வெளிய ஒழுகுதான்னு பாக்கறதுதான் அவங்க டெஸ்ட்!

"ஐயோ... அண்ணா! உள்ளே பஞ்சு இருக்குதுங்க!"

"இருங்க, இருங்க." தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கறார்... பாக்கறார்... ஒரு சொட்டு ஒழுகணுமே? ம்ஹூம்! "பேஷ்! கட்டுங்க." கட்டித்தானே ஆகணும், நனைச்சதை வேற யாரு வாங்குவா!

வெயில்ல காயவெச்சு, மாட்டிக்கிட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுறார். மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. புது கிளவுஸ் நாலு பேரு கண்ணுல பட வேண்டாமா? ரெயின்கோட்டுக் கையை உள்ள விட்டு, அதுக்கு மேல கிளவுஸை இழுத்து மாட்டியிருக்கார். இப்ப சொல்லுங்க... தோள்ல விழுந்த தண்ணி எங்க போகும்? கை வழியா ஓடி வரும். வந்து? நேரா கிளவுஸுக்குள்ள! உள்ள போன தண்ணி வெளிய வருமா? எப்படி வரும்? ஒரு சொட்டு ஒழுகாதுன்னு டெஸ்ட் பண்ணியில்ல வாங்கியிருக்கார்!

கோத்தகிரி வாசலுக்கு வந்துட்டார். விரல் எதுவும் வேலை செய்யல. சாவியைத் திருப்பக்கூட முடியல. வண்டி உறுமிக்கிட்டே நிக்குது. பூங்கொடி வெளிய வந்தாங்க.

"என்னங்க இது? வாசல்ல நின்னு உறுமறீங்க? சண்டைக்கா வந்தீங்க?"

"இல்ல பூவு... சாவி... கை... வரல..."

பல்லு தந்தியடிக்குது! அந்தம்மா வண்டியை ஆஃப் பண்ணி, ஒரு கிளவுஸைப் பிடிச்சு இழுத்தாங்க பாருங்க... சளார்! ஒரு சொம்புத் தண்ணி அவங்க கால்லயே!

"அடக் கடவுளே! கிளவுஸா, தண்ணித் தொட்டியா?"

"ஒழுகாதுன்னு... பாத்துத்தான் வாங்குனேன்..."

"ஒழுகலையே! அதானே கோளாறு!"

சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சு, சிரிச்சு, கடைசில கண்ணுல தண்ணி. விறைச்சுப்போன அந்தக் கையை ரெண்டு கையிலயும் வெச்சுத் தேய்ச்சாங்க. அப்பத்தான் அந்த மனுசன் வாயில வந்துச்சு.

"ரசத்தைப் பத்தி அன்னிக்குச் சொன்னது தப்பு, பூவு. நீ இல்லாம முடியல."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தண்ணி சேர்ந்திருக்குமாங்க?"

உள்ள போயி ஒரு டம்ளர் சூடா கொண்டு வந்து கையில குடுத்தாங்க. என்னது? ரசம்தான்! "எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை அவரு என்ன சொல்லியிருப்பார்? ஆமாங்க... இன்னொரு டம்ளர் கேட்டார்!

மணமக்களே, கல்யாண வாழ்க்கையில மழை பெய்யும். பெய்யாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சுருக்குன்னு ஒரு வார்த்தை, சின்ன இடுக்கு கிடைச்சா உள்ள போயிரும். போகட்டும்! ஆனா உள்ளயே தேங்கக் கூடாது. 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டு ஒரு சொட்டு வெளிய விடாம இருக்கோம் பாருங்க... அதை நாம ரோஷம்னு நினைக்கறோம். அன்னன்னிக்கு வந்ததை அன்னன்னிக்கே கொட்டிருங்க. சிரிச்சுக் கொட்டுங்க, அழுது கொட்டுங்க, சண்டை போட்டுக்கூடக் கொட்டுங்க!

அங்க மூணாவது வரிசையில ஒருத்தர் கையைப் பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சுக்கிறார்... நான் பாக்கல. பக்கத்துல ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க... அதையும் பாக்கல!

சபரீசா, இந்தாப்பா, என்னோட மொய். பிரிச்சுப் பாரு. ஆமா, கிளவுஸ்தான். ரோட்டுல போறப்ப மாட்டிக்கோ, ரெயின்கோட்டுக் கை கிளவுஸுக்கு மேல இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும்... கழட்டிட்டு, வெறுங்கையோட யாழினி கையைப் பிடி.

ம்... நிக்கறியே? இப்பவே பிடிப்பா!