நடுநிலையாளருக்கு ஒரு பிரதி

ஆமாம்மா, எல்லாத்தையும்தான். தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் அடிங்க. எழுத்து நல்லா பெருசா இருக்கணும். என்ன சிரிக்கிறீங்க? ஓ, ஸ்கிரீன்ல அதத்தான் படிச்சீங்களா. காகிதத்த வீணாக்குறவன் காட்டக் கொளுத்துறவனுக்குச் சமம்னு... ஆமா, நான் எழுதினதுதான். அதையும் சேத்தே அடிங்க.

வலைப்பூம்மா. பிளாக்குன்னு சொல்லுவாங்கல்ல. இப்பல்லாம் யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல, எல்லாரும் வீடியோ போடுறாங்க. என் மூஞ்சிய வீடியோல காட்டினா இருக்கிற நாலு பேரும் ஓடிருவாங்கன்னு வீட்டம்மா சொல்லிட்டா. அதனால எழுத்தோட நிறுத்திக்கிட்டேன்.

பேரா? அது வந்து... பச்சையாகப் பேசுவோம். மரம் செடி கொடிங்கிற அர்த்தத்துல வச்சேன்மா, சத்தியமா. ஆரம்பத்துல கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். அடடா, ஏரி மேல இத்தனை பேருக்கு அக்கறையான்னு பூரிச்சுப் போயிட்டேன். வந்தவங்க எதத் தேடி வந்தாங்கன்னு அப்புறம் என் பொண்ணுதான் தலையில அடிச்சுக்கிட்டு சொன்னா.

எதையும் விடமாட்டேன்மா. குப்பை எரிக்கிற ஆலை, பிளாஸ்டிக் தடை, தேர்தல் வந்தா எந்தக் கட்சி தண்ணியப் பத்தி என்ன வாக்குறுதி குடுத்துச்சு, எல்லாம் எழுதுவேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஏசிக்குக் கீழ குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு பூமி சூடாகுதேன்னு கண்ணீர் விடுவேன். வீட்டுல துணிப்பை சேத்துச் சேத்து இப்ப துணிப்பை வைக்கவே தனியா ஒரு பீரோ. என் கட்டுரையப் படிச்சா மந்திரிக்குத் தூக்கம் போயிடும்னு நினைச்சேன். மந்திரி நல்லாத்தான் தூங்குறார். எங்க வீட்டுலதான் யாருக்கும் தூக்கமில்ல, கரண்ட்ட மிச்சம் பண்றேன்னு லைட்டோட ஃபேனையும் அணைச்சுடுவேன்ல.

கடைசியில மிஞ்சின வாசகர் ஒரே ஒருத்தர். நடுநிலையாளர்னு பேர் வச்சுக்கிட்டு வருவார். பேருலதான் நடுநிலை. நான் கிழக்குன்னா அவர் மேற்கு. ஏரியக் காப்பாத்துங்கன்னு எழுதினா, நீ குடியிருக்கிற வீடே ஏரிக்குள்ளதான் இருக்கு, முதல்ல அதக் காலி பண்ணும்பார். நிஜம்தாம்மா, எங்க ஏரியாவே ஏரிதான். மரத்த வெட்டிப் பாலம் கட்டாதீங்கன்னு எழுதினப்ப பக்கம் பக்கமாத் திட்டினார். ஜனங்க நெரிசல்ல வெந்து சாகுறது உன் கண்ணுக்குத் தெரியலையான்னு கேட்டார். என்னத்தச் சொல்றது? பாலமும் வந்துடுச்சு. நானும் அதுலதான் ஆபீஸ் போறேன். சீக்கிரம் போயிடுது, பொய் சொல்லக் கூடாது.

கோவமா, எனக்கா? காலைல பல்லுகூட விளக்காம, என்ன திட்டியிருக்கார்னுதான் முதல்ல பாப்பேன். திட்டு வராத அன்னிக்கு காப்பி தொண்டையில இறங்காது. இப்ப கொஞ்ச நாளா ஆளையே காணோம். நானும் சீண்டிப் பாத்தேன். கார் வச்சிருக்கிறவன்லாம் கூடுதலா வரி கட்டணும்னு எழுதினேன், அதுக்கும் சத்தமில்ல. அவர் படிக்கணும்மா. படிச்சுட்டு ஒரு வார்த்தை திட்டணும். அதுக்குத்தான் இவ்வளவு பேப்பரும்.

யாருன்னு தெரியாம என்ன, ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. மரத்துக்குப் பெரிய ற போட்டு மறம் மறம்னு எழுதுவார். அதுக்காக ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏறி நின்னவர் எங்க வீட்டுல ஒரே ஒருத்தர்தான். அண்ணன்மா. என் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பாலத்துக் காண்ட்ராக்டே அவரோடதுதான். நான் எதிர்த்து எழுதப்போய் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. நல்லது கெட்டதுக்குப் போனாக்கூட ஆளுக்கொரு மூலையில உக்காந்துட்டு வருவோம். பேசிக்கிட்டதெல்லாம் இந்த பிளாக்ல மட்டும்தான். அவர்தான்னு எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.

நேத்து அண்ணி போன் பண்ணாங்க. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து கொஞ்ச நாளாச்சாம். கண்ணு தெரியுது, காது கேக்குது, பேச்சுதான் வரல. முயற்சி பண்ணினா வரும்ங்கிறார் டாக்டர். இவர் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு வாயவே திறக்க மாட்டேங்கிறாராம். வார்டுக்குள்ள போன் விடமாட்டாங்க, அதான் பேப்பர்.

இருங்க இருங்க, இது மேல இருக்கட்டும். இன்னைக்குக் காலைல நான் எழுதினது. பாலத்த இடிச்சுட்டு அந்த இடத்துல மரம் நடணுமாம். கிறுக்குத்தனம்தான்மா, எனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிக்கப்போறேன். வாயத் திறந்து, முட்டாள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா போதும்.