தங்குமிடம் எண் பதினேழு

...மேசையைத் தட்டுனாங்கம்மா, மேசையை! எதுக்குன்னு கேளுங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்... யப்பா, எவ்ளோ மூட்டை! பாய், தலகாணி, ஸ்டவ்வு... இதையெல்லாம் கண்டக்டர் ஏத்த விடுவாரா? சரி, உங்க பாடு. எங்க விட்டேன்? ஆங், மேசை.

நான் சட்டசபைல டைப்பிஸ்ட்டு. பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் சர்க்கார் ஒதுக்கற பணம் ஒழுங்கா போய்ச் சேருதான்னு கேள்வி கேக்க ஒரு கமிட்டி இருக்கில்ல, அங்க. பதினோரு உறுப்பினருங்க. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பாங்க... பிஸ்கட் தட்டு எந்தப் பக்கம் நகருதுன்னு.

அன்னிக்குத் தலைவர் கேக்கறார், "தங்குமிடம் எத்தன முடிஞ்சுது?" அதிகாரி ஃபைலப் பொரட்டி, "நாப்பதுங்கய்யா. கூரை போட்டாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, நம்பரே எழுதியாச்சு." அடிச்சாங்க பாருங்க மேசைய! வேல முடிஞ்சுதுன்னு மீதிப் பணத்தத் திருப்பியே அனுப்பிட்டாங்க. கதவு இருக்கான்னு ஒருத்தர் கேக்கணுமே? ஊஹூம்! ஒரே ஒரு அம்மா மட்டும், "நாப்பதும் ஏன் மெயின் ரோட்டு மேலயே இருக்கு?"ன்னாங்க. "பஸ் வசதிக்காக"ன்னார் அதிகாரி. ஆகா, வீட்டையும் போக்குவரத்தையும் ஒண்ணா சேத்துட்டாங்களேன்னு அதுக்கும் ஒரு தட்டு!

புரியலையா? நாப்பதும் வீடே இல்லம்மா. பஸ் ஸ்டாப்பு! இதோ நாம உக்காந்திருக்கோமே, இதே மாதிரி. பயணிகள் தங்குமிடம். நெசமான வீடுங்க ஊருக்கு வெளிய ஜன்னல் மட்டத்துலயே நிக்குது. செவுத்துல செடி மொளச்சிடுச்சு. இனி கொத்தனார் எங்க வரப் போறார்?

நாளைக்குக் காலைல கமிட்டிக்காரங்க முடிஞ்ச தங்குமிடத்த நேர்லயே பாக்கப் போறாங்களாம். இந்த ரோட்டுலதான். ஆறு காரு. காரை விட்டு எறங்கினா எம்பேர மாத்திக்கறேன்.

"பயணிகள்" எங்க போச்சுன்னா பாக்கறீங்க? அது வந்து... நான் டைப் அடிச்ச பட்டியல்ல கட்டம் சின்னதும்மா. நாப்பது வரிலயும் அதே வார்த்த. பக்கம் தாண்டுது, எனக்கு ஆறரை பஸ்ஸு... எடுத்துட்டேன். இத பஸ் கணக்குல சேக்கறதா, வீட்டுக் கணக்குல சேக்கறதான்னு பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "தங்குமிடம்னா வீடுதானே, இதென்ன கேள்வி?"ன்னு நானே... சொல்லித் தொலச்சேன். ஆனா பதினோரு பேரு கையெழுத்துப் போட்டாங்களே, படிக்க வேணாமா? திருத்தச் சீட்டு அடிச்சு மூணு வாரமா பைக்குள்ள வெச்சிருக்கேன். குடுத்தா எனக்கு வேல போயிடும். யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? பஸ் ஸ்டாப்புக்கு யாரு குடி வரப் போறா!

என்னங்க, தொடப்பத்த எடுக்கறீங்க? கால... தூக்கணுமா? இந்தா, தூக்கிட்டேன். பஸ் ஸ்டாப்ப நீங்க எதுக்குங்க பெருக்கிக்கிட்டு... என்ன காகிதம் அது? குடுங்க. "வீடு ஒதுக்கீட்டு ஆணை. தங்குமிடம் எண் பதினேழு."

தூண்ல... பதினேழு.

வாடகை வீட்ட காலி பண்ணிட்டா வந்தீங்க? சாவியவும் குடுத்தாச்சா? அடிப்பாவி... உங்களச் சொல்லலம்மா, என்னச் சொன்னேன். இவ்ளோ நேரம் கத கேக்கற ஆளு கெடச்சாங்கன்னு சிரிச்சுச் சிரிச்சு சொன்னேனே!

திட்டுங்கம்மா. வாயத் தொறந்து நாலு வார்த்த திட்டிடுங்க.

அதோ என் பஸ்ஸு... போகட்டும் விடுங்க, இத்தன மூட்டையோட அதுல ஏற முடியாது. ஆட்டோ புடிக்கலாம். இன்னிக்கு எங்க வீட்டுல தங்குங்க, அந்தப் பாய இப்பிடிக் குடுங்க. விடிஞ்சதும் இங்கயே வந்துடுவோம். ஸ்டவ்வப் பத்த வெச்சு டீ போடுங்க. காரு நிக்கலைன்னா நடு ரோட்டுல நான் நிக்கறேன். பதினோரு பேரையும் இந்த பெஞ்சுல வரிசையா உக்கார வெச்சு, உங்க வீட்ட சுத்திக் காட்டுவோம். அந்தத் திருத்தச் சீட்ட நானே தலைவர் கையில குடுக்கறேன். வேல போனா போகுது.

டீ குடுக்கலாம். பிஸ்கட் மட்டும் கெடையாது, ஆமா.