முகமில்லாத தெருவில் பவுன்ராஜ்

கடைக்காரங்க சங்கத்து மக்களே, பந்திக்கு இன்னும் நேரமிருக்கு... அதுக்குள்ள சின்னதா ஒரு கதை கேட்டுக்குங்க.

சாத்தூர்ல பவுன்ராஜ்னு ஒரு ஸ்டுடியோக்காரர். ஒருநாள் கம்ப்யூட்டரைத் தொட்டா, ஒரு படமும் திறக்கல. எல்லாத்துக்கும் பூட்டு! திரையில ஒரு போன் நம்பர்... "பணம் கட்டு, சாவி தர்றோம்." உள்ளே மெர்லின்னு ஒரு பொண்ணோட கல்யாண வீடியோ. கல்யாணம் முடிஞ்ச கையோட அவ அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. மேடையில அவர் ஆடின ஆட்டம் அந்த ஒரு இடத்துலதான் இருக்கு.

பூட்டினது யாரு? டெல்லி ஆபீசருங்களே என்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க! கண்ணை மூடிக்குங்க... பனி மூடின ஒரு தெரு. பகலுமில்ல, ராத்திரியுமில்ல. ரெண்டு பக்கமும் ஜன்னல்... ஜன்னல்... ஜன்னல். ஆள் தெரியாது, கை மட்டும் நீளும். ஒரு கை, எந்தக் கடைக் கதவு சரியாச் சாத்தலைன்னு துப்பு விக்கும். ஒரு கை, பூட்டை வாடகைக்கு விடும். ஒரு கை, பணத்தை வாங்கி அடுத்த ஜன்னலுக்குத் தள்ளும். அது மிதந்து மிதந்து... பனியில கரைஞ்சிடும். ஒருத்தனை ஒருத்தன் பார்த்ததே இல்ல. ஆனா பங்கு மட்டும் போய்ச் சேரும்!

பவுன்ராஜ் அந்த நம்பருக்குப் போன் போட்டாரு. பேரம் பேச ஒரு குரல். தேன்!

"வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?"

"ஏம்மா, பொழப்பைப் பூட்டிட்டு சாப்பாடு விசாரிக்கிறியா?"

"பூட்டு வேற ஆளுது சார். நான் பேசுறதுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை தாண்டினா எல்லாம் அழிஞ்சிடும் சார்."

பவுன்ராஜ் இதை யார்கிட்டயும் மூச்சு விடல. வெளியே தெரிஞ்சா யாரு ஆர்டர் கொடுப்பா? கேமராவை விக்கக் கிளம்பிட்டாரு. வாசல்ல மெர்லின்! "அண்ணே, அப்பா ஆடுனது எப்போ கிடைக்கும்?"

அவ்வளவுதான்... நடுக் கடைவீதியில உடைஞ்சு அழுதுட்டாரு. "பூட்டிட்டாங்கம்மா!"

எதிர்க்கடை ஸ்டுடியோ கனகு ஓடி வந்தாரு. "அட கிறுக்கா! தை மாசம் எனக்கும் இதே பூட்டுதான்யா. காசு கட்டி சாவி வாங்கினேன். மானம் போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல."

அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தாங்க... வாடகைக்கு விட்டவன் சோம்பேறி, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி! திறந்துச்சு. கல்யாண மேடையில புகை விட்டிருக்காங்க... அதுக்கு நடுவுல அப்பா ஆடுறாரு. மேகத்து மேல நடக்குற மாதிரி... மெதுவா... மெதுவா. மெர்லின் கண்ணைத் துடைக்கவே இல்ல.

இதை எதுக்குச் சொல்றேன்? எல்லாருக்கும் அப்படி ஒரு சோம்பேறி வாய்ப்பானா? வாய்க்க மாட்டான்! ஆனா முகமே தெரியாதவன் கூடித் தொழில் பண்றான். எதிரெதிர்ல கடை வச்சு, ஒரே பாய்லர் டீ குடிக்கிற நாம... ஒருத்தருக்கொருத்தர் மறைக்கிறோம். கனகு தையிலயே வாயைத் திறந்திருந்தா, பவுன்ராஜ் தன் கம்ப்யூட்டர் கதவைச் சரியாச் சாத்தியிருக்க மாட்டாரா? நம்ம வெக்கம்தான்யா அவனுக்கு முதலீடு! பூட்டு விழுந்தா போலீசுக்குச் சொல்லுங்க, சங்கத்துக்குச் சொல்லுங்க... அதுக்கு முன்னாடி, ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடைக்காரன்கிட்டச் சொல்லுங்க.