கனமில்லாத தொட்டில்

எழுபதுகளில் ஒரு மத்தியானம், கல்லல் பஸ்ஸில் கேட்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். வீடு வீடாகப் போய்க் கைப்பிள்ளைகளைப் பார்த்துவரும் வேலை இளையவளுக்கு. மூத்தவர் அவளுடைய சூப்பர்வைசர்.

“கோட்டையூர்ப் பெரிய வீட்ல அந்தப் புள்ளை மூணு மாசமாத் தூங்குதுக்கா,” என்றாள் இளையவள்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்பவில்லை.

“மூணு மாசமாவா?”

“எப்பப் போனாலும் புள்ளையப் பெத்தவுக, அந்த வீட்டு ஆச்சி, தொட்டில ஆட்டிக்கிட்டு, இப்பத்தான் தூங்குச்சுங்கிறாக. நானும் புள்ளையோட கார்டுல ‘தூங்குகிறது’ன்னு எழுதிட்டு வந்துர்றேன்.”

“எட்டிப் பாக்கலையா?”

“இல்லக்கா. போன வாரம் என்னைய ஆட்டச் சொல்லிட்டுக் காப்பி போடப் போனாக. ஆட்டுனேன். தொட்டில்ல கனமே இல்ல.”

“அப்புறம்?”

“அவுக வர்ற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இருந்தேன். நிறுத்த மனசு வரல.”

சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார்.

“இதெல்லாம் சொல்லத்தான வெள்ளிக்கிழமை தவறாம உன்னைய உக்கார வச்சுக் கேக்குறேன்?”

“அடுத்த வாரத்துலேருந்து நீங்க வரமாட்டீகளாமே. நம்ம வேலைக்கு மெட்ராஸ்லேருந்து வர்ற ஆராய்ச்சிப் பணம் நின்னுபோச்சுங்கிறாக.”

“உக்காந்து கேக்குறதுக்குத்தான் பணம் இல்லையாம். நீ வீடு வீடாப் போறதும் கார்டு எழுதுறதும் உண்டு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“நாளைக்கு முழிச்சிருக்கும், வந்து தூக்கிக்கன்னு ஆச்சி சொல்லிருக்காகக்கா.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன். அவுக வெறுந்துணியக் குடுத்தாலும் நான் கையை நீட்டிருவேன்.”